சரக்கை ஏற்ற மறுத்தவர்கள்

1983-ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டிஷ் அணுசக்தித் துறையிடம் ஏறக்குறைய எல்லாமே தயாராக இருந்தன. கதிரியக்கக் கழிவை அடைத்து மூடிய இரும்பு டிரம்கள் இருந்தன. அவற்றை ஏற்றிச்செல்ல ‘அட்லாண்டிக் ஃபிஷர்’ என்ற கப்பல் அமர்த்தப்பட்டிருந்தது. கொட்ட வேண்டிய இடமும் பல ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது: வடகிழக்கு அட்லாண்டிக்கில், ஸ்பெயினின் கலீசியாக் கரையிலிருந்து சுமார் 700 கி.மீ. தொலைவில், நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில். கிடைக்காதது ஆள் மட்டும்தான். டிரம் ஏற்றிய ரயிலை ஓட்ட மாட்டோம் என்றார்கள் ரயில் ஓட்டுநர்கள். அந்தச் சரக்கைத் தொட மாட்டோம் என்றார்கள் போக்குவரத்துத் தொழிலாளர்கள். கப்பலைக் கிளப்ப மாட்டோம் என்றார்கள் மாலுமிகள். 1949-இல் தொடங்கிய வழக்கம் அந்த ஆண்டு தடைபட்டது. அதன் பிறகு பிரிட்டன் ஒரு டிரம்மைக்கூட ஆழ்கடலில் போடவில்லை.

கடலில் கழிவு கொட்டுவதை நிறுத்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் மாநாடு, ஒப்பந்தம், நிபுணர் அறிக்கை என்று வரிசைப்படுத்துவது வழக்கம். கதிரியக்கக் கழிவின் கதையிலும் அவையெல்லாம் உண்டு. ஆனால் பிரிட்டனைப் பொறுத்தவரை, சட்டம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டதால்தான் கொட்டுவது நின்றது. இந்த உண்மைக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

தொடங்கியது அமெரிக்கா. 1946-இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் பசிபிக்கில் முதல் கழிவு இறங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரே உள்ள ஃபாரலான் தீவுகளை ஒட்டிய கடலில் மட்டும் 1970 வரை சுமார் 47,000 டிரம்கள் போடப்பட்டன. பிகினி தீவு அணுகுண்டுச் சோதனையில் நிறுத்திவைக்கப்பட்டுக் கதிரியக்கம் ஏறிப்போன ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலையே 1951-இல் அந்தப் பகுதியில் மூழ்கடித்துவிட்டார்கள். டிரம்கள் எல்லாம் சொன்னபடி மூழ்கவும் இல்லை. மிதந்தவற்றைத் துப்பாக்கியால் சுட்டு ஓட்டை போட்டார்கள். 1957-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மிதந்துகொண்டிருந்த இரண்டு டிரம்களைக் கடற்படை விமானங்கள் சுட்டு மூழ்கடிக்க வேண்டியிருந்தது. ஒரு பெட்டியில் அடைத்ததன் நோக்கமே உள்ளிருப்பது வெளியே வரக் கூடாது என்பதுதானே? அந்தப் பெட்டியைத் துளைத்தால்தான் வேலை முடியும் என்ற நிலை அங்கே இருந்தது.

உண்மையில் அந்த டிரம்களை வடிவமைத்தவர்கள் அவை என்றென்றைக்கும் மூடியே இருக்கும் என்று கணக்கிடவில்லை. ஆளுயரத்தில் பாதிக்குச் சற்று மேலான ஓர் இரும்பு உருளை, உள்ளே சிமெண்ட் கலவை, நடுவில் கழிவு. ஆய்வுக்கூடக் கையுறை, உடைந்த கண்ணாடிக் குடுவை, கறைபட்ட கருவி, வடிகட்டி, உலைகளிலிருந்து வந்த சேறு என்று பலதும் அதில் இருக்கும். டிரம் துறைமுகத்தில் உடையாமல் இருக்க வேண்டும், கப்பலில் உடையாமல் இருக்க வேண்டும், நான்கு கிலோமீட்டர் நீரைக் கடந்து தரையில் போய் உட்கார வேண்டும். அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு இரும்பு துருப்பிடிக்கும், சிமெண்ட் உதிரும், உள்ளிருப்பது மெல்லக் கசியும்; கடல் அதைக் கரைத்து, பரப்பி, ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். இதுதான் அன்றைய கொள்கை. நீர்க்கச் செய், பரவவிடு.

பிரிட்டன் 1949-இல் இறங்கியது. 1950 முதல் 1963 வரை பிரிட்டனும் பெல்ஜியமும் சேர்ந்து சுமார் 28,500 டிரம்களை ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஹர்ட் பள்ளத்தில் போட்டன. ஆங்கிலக் கால்வாய் ஆழ்கடல் இல்லை. மீன்பிடிப் படகுகள் நாள்தோறும் புழங்கும் குறுகிய கடல். 2013-இல் ஜெர்மன் தொலைக்காட்சிக் குழு ஒன்று கேமரா இறக்கிப் பார்த்தபோது, 120 மீட்டர் சொச்சம் ஆழத்தில் சில டிரம்கள் இன்னும் முழுசாகவே கிடந்தன.

1967-இல் காரியம் ஒழுங்குபடுத்தப்பட்டது. அணுசக்தி முகமை என்ற பன்னாட்டு அமைப்பின் மேற்பார்வையில் பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 11,000 டன் கழிவை அட்லாண்டிக்கில் இறக்கின. பிறகு ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகியவையும் வெவ்வேறு ஆண்டுகளில் சேர்ந்துகொண்டன. கடற்கரையே இல்லாத சுவிட்சர்லாந்தின் கழிவும் கடலுக்குப் போயிற்று. எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது, வடகிழக்கு அட்லாண்டிக்கின் அடியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரம்கள். அதில் பெரும்பங்கு பிரிட்டனுடையது.

எதிர்ப்பு முதலிலிருந்தே இருந்தது. 1960 அக்டோபரில் பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் மத்தியதரைக் கடலில், தென்கரைக்கும் கார்சிகாவுக்கும் நடுவே, கழிவு இறக்கத் திட்டமிட்டது. கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ எதிர்த்துக் குரல் கொடுத்தார். அவர் இயக்குநராக இருந்த அருங்காட்சியகம் மொனாக்கோவில்தான் இருந்தது. மொனாக்கோ இளவரசரும் கரையோர மக்களும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்த வெற்றி பிரான்ஸின் கழிவிலிருந்து மத்தியதரைக் கடலைக் காப்பாற்றியதே தவிர, மற்றக் கடலைக் காப்பாற்றவில்லை. ஏழே ஆண்டில் பிரெஞ்சு டிரம்கள் அட்லாண்டிக்குக்குப் போயின. கரையில் கூட்டம் கூடும் இடத்தை விட்டுவிட்டுக் கூடாத இடத்துக்குப் போவது இந்தத் தொழிலின் இயல்பாகிவிட்டது.

1972-இல் லண்டனில் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. கப்பலிலிருந்தும் விமானத்திலிருந்தும் கழிவைக் கடலில் கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. 1975-இல் நடைமுறைக்கு வந்தது. கதிரியக்கம் மிகுந்த கழிவைக் கொட்டுவதற்கு அது முழுத் தடை போட்டது. குறைந்த கதிரியக்கக் கழிவுக்குத் தனி அனுமதி பெற்றுக்கொண்டால் போதும். அந்த அனுமதியைக் கொடுப்பது யார்? கொட்டுகிற நாட்டின் அரசே. ஆகவே ஒப்பந்தம் வந்த பிறகும் ‘ஜெம்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தின் வழியே சேர்ந்த கழிவை ஷார்ப்னெஸ் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கோடையிலும் புறப்பட்டது.

1978-இல் அந்தக் கப்பலைக் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ‘ரெயின்போ வாரியர்’ கப்பல் வழிமறித்தது. கிரீன்பீஸ்காரர்கள் சின்ன ரப்பர் படகுகளில் போய், டிரம்மைத் தள்ளிவிடும் மேடைக்கு நேர் கீழே படகை நிறுத்திக்கொண்டார்கள். மேலே சிமெண்டும் இரும்புமாக நூற்றுக்கணக்கான கிலோ எடை. கீழே காற்றடைத்த ரப்பர். 1982-இல் ‘ரைன்போர்க்’ என்ற டச்சுக் கப்பலிலிருந்து தள்ளப்பட்ட இரண்டு டிரம்கள் அப்படி நின்ற ஒரு படகின் மேலேயே விழுந்தன. படகு கவிழ்ந்தது. ஓட்டியவர் பலத்த காயமடைந்தார். டிரம் விழும் அந்த நொடியில் எடுத்த படம் உலகெங்கும் வெளியாயிற்று.

கிரீன்பீஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். கலீசியாவின் ரிபெய்ரா துறைமுகத்திலிருந்து 1981 செப்டம்பரில் புறப்பட்ட ‘ஷுரேலோ’ என்ற மீன்பிடிப் படகின் பெயர் அவ்வளவாக வெளியே தெரியாது. மீனவர்கள், உள்ளூர் அரசியல்காரர்கள், பத்திரிகையாளர்கள் என ஒரு சிறு கூட்டம் அதில் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடலைக் கடந்து, டிரம் கொட்டும் இடத்துக்கே போய் நின்றது. அடுத்த ஆண்டு மேலும் படகுகள் போயின. கலீசியா மீனை நம்பிப் பிழைக்கும் பகுதி. அங்கே இது அரசியலைக் கலக்கியது. ஸ்பெயின் அரசு இனிச் சும்மா இருக்க முடியாது என்ற கட்டாயத்தை உண்டாக்கியவர்கள் அந்தப் படகுக்காரர்களும் அவர்களுக்குப் பின்னால் கரையில் திரண்டவர்களும்தான்.

உலகின் இன்னொரு கோடியில், பசிபிக்கிலும் இதே கவலை. டோக்கியோவுக்குத் தென்கிழக்கே சுமார் 900 கி.மீ. தொலைவில் கழிவு இறக்கப்போவதாக ஜப்பான் சொல்லிவந்தது. அந்த இடத்துக்கு அப்பால் இருப்பவை மரியானா தீவுகள். பசிபிக் மக்கள் கொதித்துப்போனார்கள். 1983 பிப்ரவரியில் லண்டன் ஒப்பந்த நாடுகள் கூடியபோது, கதிரியக்கக் கழிவுக்கு முழுத் தடை வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவை இரண்டு சின்னஞ்சிறு நாடுகள்: நவூரு, கிரிபட்டி. நவூருவின் மொத்தப் பரப்பே 21 சதுர கி.மீ.தான். கிரிபட்டியின் தீவுகளில் 1957, 1958-இல் பிரிட்டன் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளை அங்குள்ளவர்கள் மறந்திருக்கவில்லை. ‘பாதுகாப்பானது’ என்று தொலைதூரத் தலைநகரங்கள் சொல்வதை நம்ப அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

திருத்தம் உடனே நிறைவேறவில்லை. மாற்றாக ஸ்பெயின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: விஞ்ஞானிகள் ஆராய்ந்து முடிக்கும்வரை எல்லோரும் கொட்டுவதை நிறுத்திவைப்போம். ஆதரவு 19, எதிர்ப்பு 6, நடுநிலை 5. எதிர்த்தவற்றில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஜப்பானும் இருந்தன. தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டு, அந்தக் கோடைக்கும் கப்பலை அனுப்பப்போவதாக பிரிட்டன் அறிவித்தது.

இங்கேதான் ஜிம் ஸ்லேட்டர் வருகிறார். தேசிய மாலுமிகள் சங்கத்தின் பொதுச் செயலாளர். அதுவரை இந்த டிரம்களைக் கொண்டுபோய்ப் போட்டது மாலுமிகளின் உழைப்புதான். அது அவர்களுக்குக் கூலி கொடுத்த வேலை. அந்த வேலையைத்தான் வேண்டாம் என்றது சங்கம். உலகநாடுகள் நிறுத்தச் சொன்ன ஒரு காரியத்தை எங்கள் ஆட்கள் செய்ய மாட்டார்கள் என்றது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் ரயில் ஓட்டுநர் சங்கமும் தோள் கொடுத்தன. காலத்தையும் பார்க்க வேண்டும். மார்கரெட் தாட்சரின் அரசு 1980-இலும் 1982-இலும் தொழிற்சங்கங்களைக் கட்டிப்போடும் சட்டங்களைக் கொண்டுவந்திருந்தது. மறு ஆண்டு தொடங்கவிருந்த சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டுப் போராட்டம் தோல்வியில் முடியப்போகிறது. அப்படிப்பட்ட காலத்தில், சம்பள உயர்வோ வேலை நேரமோ கேட்காமல், கடலுக்காக மூன்று சங்கங்கள் ஓர் அரசை எதிர்த்து நின்றன. நின்று வென்றன.

அரசால் வேறு ஆள் பிடித்திருக்க முடியாதா? ரயில் வேண்டும், பளுதூக்கி வேண்டும், துறைமுகம் வேண்டும், கப்பல் வேண்டும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவர் ‘மாட்டேன்’ என்று உட்கார்ந்திருக்கும்போது, கொள்கை உறுதி மட்டும் டிரம்மை நகர்த்தாது. கடைசியில் அரசும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து பேராசிரியர் ஃபிரெட் ஹாலிடே தலைமையில் ஒரு குழுவை அமைத்தன. பன்னாட்டு ஆய்வுகள் முடியும்வரையிலும், நிலத்தில் வைப்பது உள்ளிட்ட மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரையிலும் கடலில் கொட்டுவதைத் தொடர வேண்டாம் என்று 1984 இறுதியில் குழு சொன்னது. 1985-இல் லண்டன் ஒப்பந்த நாடுகள் நிறுத்திவைப்பைக் காலவரையின்றி நீட்டின. அதே ஆண்டு ஜனவரியில் ஜப்பான் பிரதமர் நகாசோனே பசிபிக் நாடுகளுக்குப் போனபோது, தீவு மக்களின் கவலையை மீறிக் கழிவு கொட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். 1988-இல் பிரிட்டன் தன் டிரம்களை இனிக் கடலுக்கு அனுப்புவதில்லை என அறிவித்தது.

மாலுமிகளிடம் தீங்கு நேர்ந்ததற்கான ஆதாரம் இருந்ததா? இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. அணுசக்தி முகமையின் 1985-ஆம் ஆண்டு ஆய்வு, அந்த இடத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், மனிதருக்கு வரக்கூடிய கதிரியக்க அளவு மிகக் குறைவு என்றே சொன்னது. ஆனால் கேள்வி வேறாக இருந்தது. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் போட்ட பொருளைத் திரும்ப எடுக்க முடியாது. கணக்குத் தப்பினால் திருத்த வழியில்லை. அப்படியிருக்க, ‘தீங்கு உண்டு’ என்று நிரூபிக்கும் சுமை மீனவர் தலையிலும் தீவு மக்கள் தலையிலும் ஏன் விழ வேண்டும்? ‘தீங்கில்லை’ என்று நிரூபிக்க வேண்டியவர் கொட்டுகிறவர் அல்லவா? இந்த நியாயம் 1983-இல் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்கப்பட்டது. 1996-இல் அதுவே பன்னாட்டுச் சட்டமாயிற்று. லண்டன் ஒப்பந்தத்துக்குப் பதிலாக அந்த ஆண்டு உருவான புதிய நெறிமுறை, பட்டியலிட்ட சிலவற்றைத் தவிர எதையும் கடலில் கொட்டக் கூடாது என்று முறையையே தலைகீழாக்கியது. 2006-இல் அது நடைமுறைக்கு வந்தது.

நடுவே ஒரு பேரதிர்ச்சி. சோவியத் யூனியன் சிதறிய பிறகு, அதிபர் யெல்ட்சினின் சுற்றுச்சூழல் ஆலோசகர் அலெக்சி யாப்லகோவ் 1993-இல் ஓர் அறிக்கையை வெளிக்கொண்டுவந்தார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் குறைந்த கதிரியக்கக் கழிவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த காலமெல்லாம், சோவியத் யூனியன் ஆர்க்டிக்கின் காரா கடலில் அணு உலைகளையே முழுசாக மூழ்கடித்திருந்தது. மொத்தம் 16 உலைகள். சிலவற்றில் எரிபொருளும் அப்படியே இருந்தது. அதில் ‘கே-27’ நீர்மூழ்கிக் கப்பலின் கதை கொடுமையானது. 1968-இல் அதன் உலையில் விபத்து நேர்ந்து ஒன்பது மாலுமிகள் இறந்தார்கள். 1982-இல் அந்தக் கப்பலை நோவயா செம்ல்யாத் தீவின் விரிகுடா ஒன்றில் மூழ்கடித்தார்கள். ஆழம் வெறும் 33 மீட்டர். கதிரியக்கம் மிகுந்த கழிவை யாரும் கடலில் போடக் கூடாது என்ற லண்டன் ஒப்பந்தத்தில் சோவியத் யூனியனும் சேர்ந்திருந்தது.

அந்த அறிக்கையின் சூடு ஆறுவதற்குள், 1993 அக்டோபர் 17 அன்று ரஷ்யக் கடற்படையின் ‘டிஎன்டி-27’ என்ற கப்பல் ஜப்பான் கடலில் நூற்றுக்கணக்கான டன் கதிரியக்கத் திரவத்தைக் கொட்டியது. யெல்ட்சின் டோக்கியோவுக்குப் போய்த் திரும்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது. கிரீன்பீஸ் கப்பல் பின்தொடர்ந்து படம் பிடித்தது. ஜப்பானில் கொந்தளிப்பு. பத்தாண்டு முன் தடையை எதிர்த்து வாக்களித்த ஜப்பான், இப்போது தடை வேண்டும் என்றது. அமெரிக்காவும் மாறியது. அடுத்த மாதமே லண்டனில் கூடிய நாடுகள் கதிரியக்கக் கழிவு கொட்டுவதை அடியோடு தடை செய்தன. ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. 1994 பிப்ரவரி 20 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ரஷ்யா அதை ஏற்க 2005 வரை ஆயிற்று. அதற்குள் ஜப்பானின் பண உதவியோடு விளாதிவஸ்தோக் அருகே கதிரியக்கத் திரவத்தைச் சுத்திகரிக்கும் மிதக்கும் ஆலை ஒன்று அமைந்தது. கொட்டாதே என்று கத்துவதோடு நிற்காமல், கொட்டாமலிருக்க வழி செய்து கொடுத்ததும் இந்த வரலாற்றில் சேர வேண்டிய செய்தி.

இவ்வளவும் கப்பலுக்குத்தான். குழாய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கடலில் இருக்கும் கலத்திலிருந்தோ கட்டமைப்பிலிருந்தோ விமானத்திலிருந்தோ போட்டால்தான் அது ஒப்பந்தத்தின்படி கொட்டுதல். கரையிலிருந்து குழாய் வழியே விட்டால் அது வேறு கணக்கு. பிரிட்டனின் செல்லாஃபீல்டு ஆலை 1950-களின் தொடக்கத்திலிருந்து ஐரிஷ் கடலுக்குள் குழாய் வழியே கதிரியக்கத் திரவத்தை விட்டுவந்தது. மாலுமிகள் ஆழ்கடல் டிரம்களைத் தடுத்த அதே 1983-இன் நவம்பரில், அந்தக் குழாயிலிருந்து வழக்கத்தை மீறிய கதிரியக்கப் படலம் வெளியேறிக் கரையோரம் ஒதுங்கியது. அந்தக் கடற்கரைக்குப் போக வேண்டாமென்று மக்களை அரசு மாதக்கணக்கில் எச்சரித்தது. 1985-இல் நீதிமன்றம் நிர்வாகத்துக்கு விதித்த அபராதம் 10,000 பவுண்டு.

2023 ஆகஸ்ட் 24 முதல் ஜப்பான் ஃபுகுஷிமா நிலையத்தில் சேர்ந்த நீரைச் சுத்திகரித்து, ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கக் குழாய் வழியே பசிபிக்கில் விடத் தொடங்கியது. ட்ரிட்டியம் கலந்த அந்த நீரையும் பழைய டிரம்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை; சர்வதேச அணுசக்தி முகமை என்ற வேறோர் அமைப்பு தன் ஆய்வில் இந்த வெளியேற்றம் பாதுகாப்பு நெறிகளுக்கு உட்பட்டது என்றே சொன்னது. ஆனாலும் தென் கொரியாவும் சீனாவும் இதை லண்டன் ஒப்பந்தக் கூட்டத்தில் எழுப்பியபோது ஜப்பான் தந்த பதில் கவனிக்கத்தக்கது: இது குழாய், ஆகவே இங்கே பேச வேண்டியதில்லை.

அட்லாண்டிக்கில் கிடக்கும் டிரம்களை 2025 கோடையில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ‘லத்தலாந்த்’ என்ற ஆய்வுக் கப்பலில் போய்த் தேடினார்கள். ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றை இறக்கி, கடலடியைப் படமெடுத்து, 3,000-க்கும் மேற்பட்ட டிரம்களின் இடத்தைக் குறித்தார்கள். பல துருவேறி, சில பிளந்து கிடக்கின்றன. சுற்றிலும் எடுத்த முதல்கட்ட அளவுகள் இயல்பான நிலையை ஒட்டியே இருந்தன. நல்ல செய்திதான். ஆனால் கண்டது இரண்டு லட்சத்தில் மூவாயிரம். சீசியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய 30 ஆண்டு, புளூட்டோனியத்துக்கு 24,000 ஆண்டு. ஆகவே கண்காணிப்பு ஒரு பயணத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்தச் செலவைக் கொட்டிய எட்டு நாடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கப்பலுக்கு விதித்த தடையின் மேசையில் குழாய்க்கும் ஓர் இடம் வேண்டும். 1983-இல் நவூருவும் கிரிபட்டியும் முழுத் தடை கேட்டபோது பெரிய நாடுகள் அதை நடவாத காரியம் என்றுதான் நினைத்தன. பத்தே ஆண்டில் அது நடந்தது. குழாய்க்கான இடத்தையும் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.